வலது ஓரத்து நாற்காலி

ஒரே ஒரு கட்டிலை வைத்துக்கொண்டு இரண்டு ஆண்பிள்ளைகள் அந்த மாடி அறையில் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இருவரும் சேர்ந்து ஒரு பொழுதும் அதில் படுத்ததில்லை. விமர்சகர் எழுந்த சூட்டில் ஆந்தை படுப்பான்; ஆந்தை எழுந்த சூட்டில் விமர்சகர் படுப்பார். தலையணை மட்டும் தனித்தனி. ஒரு மனிதன் விட்டுப்போன சூட்டை வைத்தே அவனைப் பற்றிப் பாதி தெரிந்துகொண்டுவிடலாம் என்பது ஆந்தைக்கு அங்கே வந்த பிறகுதான் புரிந்தது. விமர்சகர் புரண்டு புரண்டு படுக்கிற ரகம். மெத்தை நடுவில் குழி விழுந்திருக்கும். குழியைச் சுற்றி பிஸ்கட் தூள்.

ஆந்தை என்பது விமர்சகர் வைத்த பெயர். பெரிய கடை வளாகம் ஒன்றின் அடித்தளத்தில், கேமரா அறையில், ராத்திரி முழுக்கத் திரைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவன் வேலை. படிப்பைப் பாதியில் விட்டவன். அத்தானின் சிநேகிதர் ஒருவரைப் பிடித்து இந்த அறையை ஏற்பாடு செய்தது அக்காதான். "பெரிய எழுத்தாளராம்டா, பத்திரிகைல பேரெல்லாம் வருமாம். அவர்கூட இருந்தா நாலு நல்ல வார்த்தையாச்சும் உன் காதுல விழும்" என்று சொல்லி அனுப்பினாள். விழுந்த வார்த்தைகள் எதையும் அவன் அக்காவிடம் திருப்பிச் சொன்னதில்லை.

நாடகம் பார்த்து எழுதுவது விமர்சகரின் பிழைப்பு. பார்த்து என்பதில் பாதிதான் உண்மை. முதல் பாதியைப் பார்ப்பார். இடைவேளையில் டீ குடிக்கப் போகிறவர் போல எழுந்து நேரே அறைக்கு வந்துவிடுவார். இரண்டாம் பாதியை மோப்பத்திலேயே எழுதிவிடுவார். "முதல் பாதில சிரிச்சவன் ரெண்டாம் பாதில அழுவான். முதல் பாதில அழுதவன் சாவான். இதுக்கு எதுக்கு நான் அங்க உக்காந்து இடுப்பு ஒடியணும்?" என்பார். எந்த அரங்கமானாலும் அவருக்கு ஒரே இடம்தான்: மூன்றாவது வரிசை, இடது கோடி, வெளியேறுகிற கதவை ஒட்டி. அது மரியாதைக்குக் கொடுத்த இடம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருடம் மாட்டிக்கொண்டார். ஒரு நாடகத்தின் கடைசியில் கதாநாயகன் தூக்கில் தொங்கும் காட்சி தன்னை உலுக்கிவிட்டதாக எழுதினார். அன்றைக்குக் கொக்கி உடைந்து, அந்தக் காட்சியே நடக்கவில்லை. பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டு, "இன்னொரு தடவை நீங்க பாக்காம எழுதினீங்கன்னு தெரிஞ்சுது, உங்க இடத்துல குறுக்கெழுத்து போட்டுடுவேன். அதையாவது நாலு பேர் கடைசி வரைக்கும் படிப்பாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதிலிருந்து விமர்சகர் சாப்பாட்டில்கூடப் பாதியில் எழுந்திருப்பதில்லை.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் அவருக்குக் கடைவாய்ப்பல் வீங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆந்தை வேலை முடிந்து வந்தபோது, அவர் கட்டிலில் உட்கார்ந்து கன்னத்தைக் கையில் ஏந்திக்கொண்டிருந்தார்.

"என்ன, ஒரு பக்கம் மட்டும் செழிப்பா இருக்கு?" என்றான் ஆந்தை.

"சிரிக்க வைக்காதேடா, உயிர் போகுது. மத்தியானம் நாடகம் ஒண்ணு. நீ போயிட்டு வா."

"நானா? பள்ளிக்கூடத்துல மரமா நின்னதோட எனக்கும் நாடகத்துக்கும் சரி."

"மரத்துக்குத்தான் எல்லாம் தெரியும். ராத்திரி வேலை முடிச்சதும் உங்க மேலாளர்கிட்ட ஒப்பிப்பியே, யார் வந்தான், யார் போனான்னு. அதே மாதிரி வந்து என்கிட்ட ஒப்பி. மிச்சத்தை நான் பாத்துக்கறேன். முக்கியமா ரெண்டாம் பாதி."

"நீங்களே பாக்காத ரெண்டாம் பாதியை நான் எதுக்குய்யா பாக்கணும்?"

"உனக்கு நல்ல மனசுடா ஆந்தை."

"எனக்குத் தூக்கம் வருது."

ஆனாலும் போனான். அவர் முனகலைக் கேட்டுக்கொண்டு அந்த அறையில் தூங்க முடியாது என்பது முதல் காரணம். கட்டிலை அவர் விடப்போவதில்லை என்பது இரண்டாவது.

பழைய அரங்கம். நாற்காலிகளில் ஈரத் துணி வாடை. முக்கால்வாசி காலி. விமர்சகரின் இடத்தில், கதவை ஒட்டி உட்கார்ந்துகொண்டான். கதை சிக்கலானது இல்லை. ஒருத்தி தன் வீட்டை விற்கப் பார்க்கிறாள். வாங்க வருகிறவர்களுக்கு ஒவ்வோர் அறையாகத் திறந்து காட்டுகிறாள். முதல் பாதி முழுக்க ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். இரண்டாம் பாதியில் ஒருவரும் வருவதில்லை. அப்போதும் அவள் கதவுகளைத் திறந்து, யாருமில்லாத இடத்தைப் பார்த்து, இது சமையலறை, இது ஜன்னல் என்று காட்டிக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான்.

ஆந்தைக்கு மேடையின் நடுவில் கண் நிற்கவில்லை. அது அவன் தப்பு இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலாளர் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: "நடக்கிறவனைப் பாக்காதே. அவன் எங்கயோ போறான், போகட்டும். காரணமே இல்லாம எவன் அசையாம இருக்கான்னு பாரு. நடுவுல எதுவும் நடக்காது. ஓரத்துல பாரு." நான்கு வருடமாக ராத்திரி முழுக்க ஓரங்களையே மேய்ந்த கண். மேடை மேல் அத்தனை விளக்கு போட்டு ஒருத்தி அழுதுகொண்டிருக்கும்போதும் அது தன்பாட்டுக்கு ஓரத்துக்குப் போயிற்று.

இடது கோடியில் உட்கார்ந்தவனுக்கு மேடையின் வலது ஓரம் உள்ளே வரை தெரியும். அங்கே கறுப்புப் பக்கத்திரைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு ஒரு சந்து. அந்தச் சந்தில் ஒரு பெண் நாற்காலியில் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

வயதானவள். ஒட்ட வெட்டிய நரைமுடி. பழுப்பு ஸ்வெட்டர்; முழங்கையில் வெள்ளை நூலால் தைத்திருந்தது. கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து, இடது கையை முழங்காலுக்கு அடியில் செருகிக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் மட்டும் அசைந்தது. நடிகை பேசுவதையெல்லாம் அவளும் சத்தமில்லாமல் பேசினாள். நடிகை பேசுவதை மட்டும் அல்ல, வீடு வாங்க வந்தவர்கள் பேசுவதையும்.

ஆந்தைக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. ஏனென்றால் மனிதர்கள் சும்மா இருக்கவே மாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும். தனியாக இருக்கிறோம் என்று நினைக்கும்போதுதான் அதிகமாக அசைவார்கள். சொறிவார்கள், காலை மாற்றுவார்கள், பையைத் தொட்டுப் பார்ப்பார்கள். இவள் வாயைத் தவிர எதையும் அசைக்கவில்லை. இடைவேளையில் விளக்குகள் எரிந்தபோதும் அப்படியே இருந்தாள். அப்போதும் வாய் அசைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபோது மட்டும் அவனுக்குக் கழுத்துக்குப் பின்னால் ஏதோ ஊர்ந்தது. ஆனால் நாடகம் என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று விட்டுவிட்டான்.

இரண்டாம் பாதியில் ஜன்னல் அருகே நின்று பேசும்போது நடிகை சட்டென்று நின்றுபோனாள். வார்த்தை வரவில்லை. கண் அந்தப் பக்கம் போயிற்று. அங்கே வாய் அசைந்தது. நடிகை பிடித்துக்கொண்டு மேலே போனாள்.

அறைக்கு வந்து எல்லாவற்றையும் வரிசையாக ஒப்பித்தான். விமர்சகர் கன்னத்தில் ஒற்றடத்தை வைத்துக்கொண்டு, உம் உம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஓரத்துப் பெண்ணைப் பற்றிச் சொன்னதும் ஒற்றடம் மடியில் விழுந்தது.

"ஒரு வார்த்தைகூடப் பேசலையா?"

"சத்தமே இல்ல."

"எல்லார் வசனத்துக்கும் வாயசைச்சா?"

"எல்லார் வசனத்துக்கும்."

"வீடுடா!" என்று கத்தினார் விமர்சகர். வலியில் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். "அவதான்டா வீடு! அத்தனை பேர் பேசினதையும் கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணின வீடு. எவனுக்குடா இந்த மூளை வந்துது, அந்த இயக்குநர் தடியனுக்கா?"

அன்றைக்கு அவர் எழுதியது போல் அதற்கு முன்னும் பின்னும் எழுதியதில்லை. இரண்டாம் பாதியைப் பற்றியே முக்கால் பங்கு எழுதினார். மேடையின் ஓரத்தில் பாதி இருட்டில் அமர்ந்து, எல்லார் வார்த்தைகளையும் ஒலியில்லாமல் வாங்கிக்கொள்ளும் அந்த உருவத்துக்காகவே இந்த நாடகத்தை இன்னொரு முறை பார்ப்பேன் என்று முடித்தார். செவ்வாய்க்கிழமை வெளிவந்தது. பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டு, கடைசி வரைக்கும் இருந்து பார்த்தால் எப்படி எழுத வருகிறது பாருங்கள் என்றார். விமர்சகர் ஆந்தையைப் பார்த்துக் கண்ணடித்தார்.

வியாழக்கிழமை நண்பகலில் வீட்டுக்கார அம்மா கீழேயிருந்து குரல் கொடுத்தாள். "விமர்சகர் தம்பி! உங்களைத் தேடி ஒரு பொண்ணு வந்திருக்கு. நாடகக்காரியாம்!"

ஆந்தை நல்ல தூக்கத்தில் இருந்தான். விமர்சகர் அவன் தோளை உலுக்கி, "செத்தவன் மாதிரி கிட. நீன்னு ஒருத்தன் இந்த அறைல இல்ல" என்று காதில் சொல்லிவிட்டு, கட்டிலைச் சுற்றியிருந்த திரையை இழுத்துவிட்டார். பகலில் வெளிச்சம் படாமல் இருக்க ஆந்தை கட்டிய திரை அது. அவசரத்தில் இழுத்ததால் சுவரோரம் ஒரு சாண் இடைவெளி விட்டுப்போயிற்று.

வந்தவள் செருப்பைக் கழற்றுகிற சத்தம். பிளாஸ்டிக் நாற்காலியை இழுக்கிற சத்தம்.

"நான் அந்த நாடகத்துல வீட்டை விக்கிறவளா நடிக்கிறவ சார்."

"தெரியாம இருக்குமா! பிரமாதமா பண்ணியிருந்தீங்க. அந்தக் கடைசிக் காட்சி…"

"நன்றி சொல்ல வரல சார். ஒண்ணு கேக்க வந்தேன். அந்த ஓரத்துல இருந்த அம்மாவை நீங்க நிஜமாவே பாத்தீங்களா?"

"பாக்காம எழுதுவேனா?"

"எங்க நாடகத்துல அப்படி ஒரு பாத்திரமே கிடையாது சார்."

விமர்சகர் எச்சில் விழுங்கியது திரைக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. பிறகு குரலைச் சரி பண்ணிக்கொண்டு, "அப்ப வசனம் எடுத்துக் கொடுக்கிறவங்களா இருக்கும். என் கண்ணுக்கு அது வேற மாதிரி அர்த்தமாச்சு. கலைல அப்படித்தான்" என்றார்.

"எடுத்துக் கொடுக்கிறவர் ஆம்பளை. எதிர்ப் பக்கம் இருப்பார். இந்தப் பக்கம் மின்சாரப் பெட்டி இருக்கு. பெட்டிக்கும் திரைக்கும் நடுவுல ஒரு ஆள் ஒருக்களிச்சு நிக்கலாம், அவ்வளவுதான். நாற்காலி போட இடமே இல்ல. நான் போய்ப் போய்ப் பாத்துட்டேன்."

அப்புறம் அவளே சொன்னாள். நாடகம் தொடங்கிய சில நாளிலிருந்தே அந்த அம்மாவைப் பார்க்கிறாளாம். முதலில் இயக்குநரிடம் சொன்னபோது சிரித்தார். அடுத்த தடவை ஓய்வு எடுக்கச் சொன்னார். மூன்றாம் தடவை, "எனக்கு நடிக்க ஆள் வேணும், பேய் பாக்க ஆள் வேணாம். இன்னொரு வாட்டி இதைப் பேசினா வேற ஒருத்தியைப் போட்டுக்கறேன்" என்றுவிட்டார்.

"எங்க அண்ணன் மோட்டார் சாமான் கடை வச்சிருக்கான். வந்து கல்லால உக்காருன்னு தினம் கூப்பிடறான். அண்ணி அறையெல்லாம் ஒழிச்சு வச்சுட்டாங்களாம். முப்பத்தெட்டு வயசுல என்ன நாடகம்ங்கறான். நாளைக்குக் காலைல பஸ்ஸுக்கு அவனே சீட்டுப் போட்டுட்டான். எனக்கும் மண்டைல ஏதோ கழண்டுடுச்சு, போயிடலாம்னு மூட்டை கட்டிட்டேன். அப்பதான் நீங்க எழுதினது வந்துது." குரல் தணிந்தது. "நீங்களும் பாத்திருந்தா நான் பஸ் ஏறமாட்டேன் சார். பாக்கலைன்னா ஏறிடுவேன். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். எந்தப் பக்கம் உக்காந்திருந்தாங்க அந்த அம்மா?"

"இடது பக்கம்" என்றார் விமர்சகர், யோசிக்காமல். தான் உட்காரும் பக்கம் அவருக்கு நன்றாகத் தெரியும்.

"எங்களுக்கு இடதா, பாக்கிறவங்களுக்கு இடதா?"

"அது… பாக்கிறவனுக்கு."



"சரி சார்" என்றாள். "நீங்க பாக்கல."

"அம்மா, பாக்கறதுன்னா என்னன்னு முதல்ல நாம முடிவு பண்ணணும். கண்ணால பாக்கறது ஒரு வகை…"

விமர்சகர் அளக்கத் தொடங்கிவிட்டார். ஆந்தை சுவர்ப் பக்கம் தலையைத் திருப்பினான். அந்த ஒரு சாண் இடைவெளியில் அவள் தெரிந்தாள். பக்கவாட்டில். பிளாஸ்டிக் நாற்காலியில்.

பழுப்பு ஸ்வெட்டர். கழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது. இடது கை முழங்காலுக்கு அடியில் செருகியிருந்தது. விமர்சகர் பேசுவதை அவள் கேட்கவில்லை. ஏதோ ஒன்றைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் மட்டும் அசைந்தது.

ஆந்தைக்கு உடம்பெல்லாம் ஜில்லிட்டது. மெத்தையில் விமர்சகர் விட்டுப்போன சூடும் சேர்ந்து அணைந்த மாதிரி இருந்தது. முகத்தை மறந்தாலும் கையை மறக்கிற வேலையில் அவன் இல்லை. இவள்தான். தலைமுடியை ஒட்ட வெட்டி, நரைத்து, இன்னும் முப்பது வருடம் போனால், அந்தச் சந்தில் இருப்பவள் இவள்தான்.

படுத்த வாக்கிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் இவள் நாளைக்கு பஸ் ஏறிவிடுவாள். கடைக் கல்லாவில் உட்கார்ந்து வயதாவாள். அந்தச் சந்தில் யாரும் உட்காரப் போவதில்லை. விமர்சகரின் பிழைப்புக்கும் ஆபத்தில்லை. எல்லாருக்கும் நல்லது. ஆனால் தனக்கு மண்டை கழன்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டே போவாள். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று விட்டுவிட அவனுக்குப் பழக்கமில்லை.

"வலது" என்றான் திரைக்கு உள்ளேயிருந்து.

விமர்சகரின் பேச்சு அறுந்தது.

"பாக்கிறவங்களுக்கு வலது. உங்களுக்கு இடது. உங்க வசனத்துக்கு மட்டுமில்ல, வீடு வாங்க வர்றவங்க வசனத்துக்கும் வாயசைச்சாங்க. இடைவேளைலயும் நிறுத்தல."

திரையை விலக்கிக்கொண்டு, பனியனும் கலைந்த தலையுமாக எழுந்து வந்தான். அவள் அவனைப் பார்த்தாள். பிறகு விமர்சகரைப் பார்த்தாள். விமர்சகரின் முகத்தில் வீங்கிய பக்கமும் வீங்காத பக்கமும் ஒரே நிறமாகியிருந்தன.

"இவன்… இவன் என் உதவியாளன்" என்றார்.

"அவங்க எல்லார் வசனத்தையும் சொல்றதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல" என்றாள் அவள். "இயக்குநர்கிட்டகூட."

"நான் பாத்தேன் மேடம். பல்வலின்னு இவர் என்னை அனுப்பினார்."

"அடப்பாவி" என்றார் விமர்சகர். "அம்மா, தயவு பண்ணி இதை வெளில சொல்லிடாதீங்க. எனக்கு வேற தொழில் தெரியாது. இந்தத் தொழிலே…"

அவள் காதில் அது விழவே இல்லை. முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் குலுங்கினாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. பிறகு எழுந்து செருப்பை மாட்டினாள்.

ஆந்தை படிக்கட்டு வரை பின்னாலேயே போனான். பாதிப் படியில் அவள் நின்று திரும்பினாள்.

"யார் தம்பி அவங்க? உங்களுக்கு ஏதாவது தோணுச்சா?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். அதைப் பிற்பாடு பல நாள் நினைத்துப் பார்த்தான்.

"நீங்கதான்க்கா."

அவள் கைப்பிடியை எட்டிப் பிடித்தாள்.

"வயசான நீங்க. முகம் மாறும், நடை மாறும், கையை எங்க வச்சுக்கறோம்ங்கிறது மட்டும் மாறாது. எங்க வேலைல அதைத்தான் பாப்போம். அங்க ஒரே இருட்டு. உங்களை யாரும் திரும்பிக்கூடப் பாக்கல. மேடைல வேற யாரோ நடிக்கிற மாதிரி உக்காந்து பாத்துக்கிட்டிருக்கீங்க." அவனுக்கு மூச்சு வாங்கியது. அவ்வளவு பேசிப் பழக்கமில்லை. "போயிடுங்கக்கா. நாளைக்கு பஸ் ஏறிடுங்க. அண்ணன் கடை நல்ல கடையாத்தான் இருக்கும். அந்த நாற்காலில போய் உக்காராதீங்க."

கீழே வீட்டுக்கார அம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் வந்தது. அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்கிறவள் போல நின்றாள்.

"ஜன்னல்கிட்ட நான் மறந்துட்டேன்ல, அன்னிக்கு."

"ஆமா."

"அவங்க மறந்தாங்களா?"

"யாரு?"

"நான். அந்த நான். எங்கயாவது தடுமாறினேனா? ஒரு வார்த்தையாவது?"

அவனுக்கு அந்த நாடகம் தெரியாது. ஆனால் அந்த வாய் ஓர் இடத்திலும் நின்றதில்லை என்பது தெரியும். பொய் சொல்ல அப்போதுதான் அவனுக்கு முதல் தடவையாக ஆசை வந்தது. பொய்தான் வரவில்லை.

"இல்ல" என்றான்.

அவள் முகம் மலர்ந்தது. அவன் சொன்னதில் இருட்டு, தனிமை, யாரும் திரும்பிப் பாராதது எதுவும் அவளுக்குள் போகவில்லை. தடுமாறவில்லை என்பது மட்டும்தான் போயிருந்தது.

"ஒரு வார்த்தைகூட!" என்றாள். மடமடவென்று இறங்கினாள். கைப்பிடியில் துருத்திக்கொண்டிருந்த ஆணியில் ஸ்வெட்டரின் முழங்கை மாட்டி டர்ரென்று கிழிந்தது.

"ஐயோ அக்கா!"

"பரவால்ல தம்பி, தச்சுக்கறேன்" என்றாள் கையைத் திருப்பிப் பார்த்து. "வீட்ல வெள்ளை நூல்தான் கிடக்கு. இருந்தா என்ன, இருட்டுல யாருக்குத் தெரியப்போகுது?"

வெள்ளை நூலைப் பற்றி அவன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் இருவரும் சேர்ந்து நாடகத்துக்குப் போனார்கள். அவள் பஸ் ஏறினாளா இல்லையா என்பது ஆந்தைக்குத் தெரிய வேண்டியிருந்தது. விமர்சகர் பயத்தில் வந்தார். தன்னைப் பற்றி அவள் யாரிடமாவது சொல்லிவிட்டாளா என்று முகங்களைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். யாரும் அவரை ஒரு மாதிரியும் பார்க்கவில்லை. அரங்கம் நிறைந்திருந்தது. எல்லாரும் மேடையின் ஓரங்களை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விமர்சகருக்குப் பெருமை தாங்கவில்லை.

"என் எழுத்துக்கு வந்த கூட்டம்டா" என்றார்.

"உங்க பல்லுக்கு வந்த கூட்டம்."

விளக்கு அணைந்தது. திரை விலகியது. வீட்டை விற்கிறவளாக அவளேதான் வந்தாள்.

இப்படி ஒரு நடிப்பை ஆந்தை பார்த்ததில்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை. அவன் வேறு எதையும் பார்த்ததில்லை. ஆனால் விமர்சகர் இடைவேளையில் எழுந்திருக்கவில்லை. டீ குடிக்கக்கூடப் போகவில்லை. இரண்டாம் பாதியில் அவள் யாருமில்லாத அறைகளைத் திறந்து காட்டத் தொடங்கியபோது, தாடையைப் பிடித்துக்கொண்டிருந்த கையை மடியில் போட்டுவிட்டு வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார்.

ஆந்தை அதுவரை ஓரத்தைப் பார்க்காமல் கண்ணைக் கட்டிப் போட்டிருந்தான். ஜன்னல் காட்சி வந்தது. அவள் ஜன்னலருகே போய் நின்றாள். அந்த இடம் வந்தது. தடுமாறவில்லை. அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. தண்ணீர் ஓடுகிற மாதிரி பேசிக்கொண்டே போனாள்.

இனிமேல் அங்கே யாருக்கு என்ன வேலை, நாற்காலி காலியாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. கண்ணை அவிழ்த்துவிட்டான்.

இருந்தாள். ஒட்ட வெட்டிய நரைமுடி, பழுப்பு ஸ்வெட்டர், முழங்கையில் வெள்ளைத் தையல். ஆனால் இன்றைக்கு வாய் மூடியிருந்தது. மேடையைப் பார்க்கவில்லை. கழுத்தை நிமிர்த்தி, மேடையின் வெளிச்சத்தைத் தாண்டி, முன்னால் இருந்த இரண்டு வரிசைத் தலைகளைத் தாண்டி, இடது கோடியில் கதவை ஒட்டி உட்கார்ந்திருந்த அவனை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேமரா எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள்தான் அப்படி நிமிர்ந்து பார்ப்பார்கள். அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் கணக்கில் முப்பது வருடத்துக்கு முன்னால், ஒரு படிக்கட்டில், பனியன் போட்ட ஒருவன் மூச்சு வாங்கச் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஒரு வார்த்தைகூட மறக்காதவள். அந்தப் பார்வையில் நன்றி இருந்ததா, வசை இருந்ததா என்று ஆந்தையால் கண்டுபிடிக்க முடியவில்லை. முகம் படிக்க அவன் கற்றுக்கொண்டதில்லை. கையைப் பார்த்தான். இடது கையை முழங்காலுக்கு அடியிலிருந்து வெளியே எடுத்து, மடியில் விரித்து வைத்திருந்தாள். உள்ளங்கை வெறுமையாக இருந்தது.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரியாதவர்களைப் பார்த்தே பழகியவன். மறுபடி நிமிர்வதற்குள் கைதட்டல் எழுந்து, எல்லாரும் எழுந்து நின்று மறைத்துவிட்டார்கள்.

அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் விமர்சகர் பேசவில்லை. அது அதிசயம். வந்ததும் மேஜையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். கொஞ்சம் எழுதிவிட்டு, பேனாவைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"நான் எட்டி எட்டிப் பாத்தேன். மின்சாரப் பெட்டிதான் தெரிஞ்சுது. இருந்தாளா?"

"இருந்தா."

"இந்தத் தடவையும் வாயசைச்சாளா?"

"இல்ல."

"பின்ன என்னதான் பண்ணா?"

"என்னைப் பாத்தா."

விமர்சகர் கடகடவென்று சிரித்தார். அவருக்குப் பல்வலி போயிருந்தது. "உன்னைப் பாக்காம வேற யாரைப் பாப்பாடா? உன்னை விட்டா அவளுக்கு யார் இருக்கா?" என்று சொல்லிவிட்டு மறுபடி எழுதக் குனிந்தார்.

வேலைக்குப் போக இன்னும் நேரம் இருந்தது. கொஞ்சம் தூங்கலாம். ஆந்தை கட்டிலில் ஏறி, திரையைச் சுவர் வரை இழுத்தான். எவ்வளவு இழுத்தும் ஒரு சாண் விட்டுப்போயிற்று. எழுந்து போய்க் கொடியிலிருந்து துணிக் கிளிப்புகளை எடுத்துவந்து, மேலிருந்து கீழ் வரை ஒவ்வொன்றாக மாட்டினான். பிறகு சுவருக்கு முதுகைக் காட்டிப் படுத்தான். மெத்தையின் நடுவில் குழி, யாரோ அப்போதுதான் எழுந்துபோன மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. விமர்சகர் காலையிலிருந்து அதில் படுக்கவில்லை; அவனும் படுக்கவில்லை.